ரசீது கேளுன்னு சொன்ன ஃபாதர்

மாதவரம் பக்கத்துல நான் வேலை பாக்கற யார்டுல போன வருஷம் ஒரு பையன் மூட்டை எண்ணிட்டு இருந்தான், நான் மூட்டைக் கணக்கு எழுதற டாலி ஷீட்டோட பக்கத்துல நிக்கறேன், அவன் வாய்க்குள்ளயே முணுமுணுன்னு எண்றான், முதல்ல ஒண்ணும் புரியல, காதைக் குடுத்துக் கேட்டா ஒண்டா, ஏண்ட், மூந்த், நாக்னு போகுது. அஞ்சுல இருந்து ஹிந்தி வாடை அடிக்குது. டேய் தம்பி நிறுத்து, மூணு நாலுன்னா சொன்னேன்னு கேட்டேன். முழிக்கிறான். யார்டுல பாதிப் பேரு ஹிந்திக்காரப் பசங்கதான், ஆனா இது ஹிந்தி இல்லையேன்னு என் கண்ணைத் தொட்டுக் காட்டி இதுக்கு உங்க பாஷைல இன்னான்னேன், "ஃகன்"னான். பல்லைக் காட்டினேன், "பல்"லுன்னான். ஆளைக் காட்டினா "ஆல்". நீன்னா "நீன்". எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு, சத்தியமா.

பையன் ஜார்கண்ட்ல குமலா ஜில்லா, உராவ் பழங்குடி, பேசறது குடுக் பாஷை. நம்ம திராவிட மொழிக் குடும்பத்துல வடக்கால தனியா போய் நின்னுட்ட ஒரு கிளை அது, பக்கத்துலயே மால்டோன்னு இன்னொண்ணு இருக்கு. நாலு வரைக்கும்தான் சொந்த எண்ணு தங்கிச்சு, அஞ்சுல இருந்து கடன் வாங்கிட்டாங்க. அவங்க குலப் பேருலயும் ஒரு வேடிக்கை, எக்ஸ் ஏ எக்ஸ் ஏன்னு இங்கிலீஷ்ல எழுதற ஒரு குலம் இருக்கு, வாசிக்கும்போது ஃகாஃகா, அர்த்தம் காக்கா. எக்கான்னா ஆமை, மின்ஜுன்னா மீன். சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பையன் என்கிட்ட வந்து, பையா (ஹிந்தில அண்ணான்னு அர்த்தம்), இங்க சர்ச் எங்க இருக்கு, மிஸ்ஸா எத்தனை மணிக்குன்னு கேட்டான். பூசையைத்தான் அவங்க மிஸ்ஸாங்கறாங்க.

ஞாயித்துக்கிழமை நானே பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். கெபிக்கு முன்னாடி முட்டி போட்டு நிக்கறான், பின்னாடி பெஞ்சுல ஒரு அம்மா என்னைக் கூப்ட்டு, "இன்னா நைனா, ஹிந்திக்காரப் பையன் மாதிரி கீறான், அவனும் நம்ம ஆளா, அந்தக் காட்டுக்குள்ள எப்படிப்பா வேதம் போச்சு"ன்னு கேட்டுச்சு. நான் அப்போ பதில் சொல்லல, எனக்கே அரைகுறையாத்தான் தெரியும். அப்புறம் தேடிப் படிச்சதையும் பையன் சொன்னதையும் சேர்த்து அந்த அம்மாவுக்குச் சொல்ற மாதிரி எழுதறேன்.

நம்ம ஊர்ல மிஷன்னு சொன்னா ஒரு ரெடிமேட் படம் இருக்கு. வெள்ளை அங்கி போட்ட ஃபாதர், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு ஸ்கூலு, பால் பவுடர், கோதுமை. புடிக்காதவங்க அதையே திருப்பி, பால் பவுடருக்கு மதம் மாறுனவங்கம்பாங்க. ரெண்டு பக்கமும் ஒரே படத்தைத்தான் வச்சிருக்காங்க, ஒருத்தரு நேரா மாட்டி வச்சிருக்காரு ஒருத்தரு தலைகீழா, அவ்ளோதான். ஆனா நம்ம பையனோட குமலா எல்லாம் இருக்கற சோட்டாநாக்பூர் காட்டுல நடந்ததைப் படிச்சா ஸ்கூலும் ஆஸ்பத்திரியும் ரெண்டாவதுதான் வருது. முதல்ல வந்தது நெலம், கடன், அப்புறம் பேப்பர். நான் டாலி கிளார்க், எனக்கு இது சட்டுனு புரியும். நூறு மூட்டை இறக்கினாலும் கையெழுத்து இல்லாத ஷீட்டுன்னா அது இறக்கினதே இல்லைதான்.

கதை எப்படின்னா, முண்டா, உராவ் ஜனங்க காட்டை வெட்டித் திருத்தி ஊர் போட்டவங்க. முண்டா சனங்க கிட்ட கூண்ட்கட்டின்னு ஒரு முறை இருந்துச்சு, காட்டை முதல்ல வெட்டின குடும்பத்து வாரிசுங்க எல்லாருக்கும் அந்த ஊர் நெலம் பொதுவுல சொந்தம். பட்டாவெல்லாம் கிடையாது. முன்னோரைப் புதைச்ச இடத்துல பெரிய பெரிய பலகைக் கல்லு வச்சிருப்பாங்க, சசான்திரின்னு பேரு, அந்தக் கல்லுதான் அவங்களுக்குப் பட்டா. எங்க தாத்தன் இங்க படுத்திருக்கான், அதனால இது என் ஊருன்னு அர்த்தம். இதுக்குள்ள ராஜா வந்தாரு, ராஜாகிட்ட இருந்து மானியம் வாங்கின வெளியாளுங்க வந்தாங்க, 1793ல வெள்ளைக்காரன் போட்ட நிரந்தர நிலவரித் திட்டம் வந்துச்சு, ஜமீன்தார் வந்தான், ஜமீன்தாருக்குக் கீழ குத்தகை எடுத்த டிக்காதார் வந்தான். வெளியாளை அவங்க திக்குங்கறாங்க, அந்த வார்த்தைல ஒரு வெறுப்பு இருக்கு. வந்தவன் கைல பேப்பர் இருக்கு, இவங்க கைல கல்லு. கோர்ட்டுல எது ஜெயிக்கும்? வரியும் கட்டணும், அது போக பேத் பேகாரின்னு சொல்ற கூலியில்லா வேலை, ஜமீன் வயல்ல இத்தனை நாள் ஓசியில உழணும் அறுக்கணும், பல்லக்கு தூக்கணும். பணம் கட்டினாலும் ரசீது தரமாட்டான், அடுத்த மாசம் நீ கட்டவே இல்லைம்பான், கேஸ் போடுவான், கேஸு ராஞ்சில, பாஷை ஹிந்தி இல்லன்னா உருது, வக்கீலும் திக்கு ஆளுதான்.

கத்தோலிக்கக்காரங்க முதல்ல வந்தவங்க கிடையாது. 1845லயே ஜெர்மன் லூத்தரன் மிஷன் ராஞ்சிக்கு வந்தாச்சு. ஆனா 1885ல கான்ஸ்டன்ட் லீவென்ஸ்னு ஒரு பெல்ஜியம் சேசு சபை (ஜெசூட்) ஃபாதர், இருபத்தொம்பது வயசு, தோர்ப்பான்ற ஊர்ல வந்து உக்காந்தாரு. விவசாயக் குடும்பத்துப் புள்ளை. ஜனங்க வந்து பேசறதைக் கேட்டா யாருமே மோட்சத்தைப் பத்திக் கேக்கல, எல்லாரும் நெலத்தைப் பத்தித்தான் கேட்டாங்க. அவரு பைபிளை மூடிட்டு நிலவரிச் சட்டத்தைப் படிக்க ஆரம்பிச்சாரு, மூடிட்டுன்னு நான் ஒரு பேச்சுக்குச் சொல்றேன், ஃபாதருங்க யாராவது படிச்சா கோச்சுக்க வேணாம். அந்த ஊர் வழக்கம் இன்னா, சட்டம் இன்னா சொல்லுது, எது நியாயமான வரி எது அடாவடி எல்லாத்தையும் கத்துக்கிட்டு, குதிரைல ஊர் ஊராப் போய், கட்ட வேண்டிய வரியைக் கட்டு, ரசீது கேளு, ரசீது இல்லன்னா கட்டாத, சட்டத்துல இல்லாத ஓசி வேலைக்குப் போகாதன்னு சொன்னாரு. கேஸ் வந்தா மனு எழுத ஆளு, வக்கீலுக்கு விவரம் எல்லாம் ஏற்பாடு. கேஸு ஜெயிக்க ஆரம்பிச்சதும் ஊர் ஊரா வந்து சேர்ந்துட்டாங்க, தோர்ப்பால முண்டா ஜனம், அப்புறம் பர்வே பக்கம் உராவ் ஜனம், நம்ம பையனோட கொள்ளுத் தாத்தாவும் அதுல ஒருத்தரா இருக்கலாம், ஏழு வருஷத்துல பல்லாயிரம் பேரு. 1892ல காசநோயோட ஊருக்குத் திரும்பி 1893 நவம்பர்ல செத்துட்டாரு, வயசு 37. நூறு வருஷம் கழிச்சு 1993ல அவரு எலும்பை ராஞ்சிக்குக் கொண்டாந்து வச்சாங்க.

இப்போ நேரா ஒரு கேள்வி. கேஸு ஜெயிக்கறதுக்காக மதம் மாறுனாங்களா? ஆமா, நெறைய பேரு அப்படித்தான், இதுல மழுப்பறதுக்கு ஒண்ணும் இல்ல. அவரோட மேலிடத்துக்கே அப்போ அந்த பயம் இருந்துச்சு, இவ்ளோ வேகமா ஞானஸ்நானம் குடுக்கறியே, ஜெபம் தெரியுமா அவங்களுக்குன்னு. அவரு போனதும் கொஞ்சம் பேரு விலகியும் போயிட்டாங்க. ஆனா எனக்கு இதை லஞ்சம்னு சொல்ல மனசு வரல. பால் பவுடர் தீர்ந்து போகும், ரசீது தீராது. எவன் தன் பக்கம் நின்னானோ அவன் சாமியையும் நம்பறது மனுஷ சுபாவம், நம்ம ஏரியாவுல எத்தனை வீட்ல அப்படித்தான் கட்சி மாறி இருக்காங்க.

அடுத்து வந்தவரு ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன், ஜெர்மன்காரரு, சேசு சபைதான். இவரு கதை லீவென்ஸ் கதையை விட எனக்குப் புடிக்கும், ஏன்னா இவரு மேல அம்பு வுட்டாங்க. பிர்சா முண்டா பேரு நமக்கெல்லாம் தெரியும், 1875ல பொறந்தவரு, சாய்பாசா லூத்தரன் மிஷன் ஸ்கூல்ல கொஞ்ச காலம் படிச்சு அப்புறம் வெளில வந்து, ஜமீனும் வேணாம் வெள்ளைக்காரனும் வேணாம் பாதிரியும் வேணாம்னு உல்குலான்னு ஒரு கலகம் பண்ணாரு. 1899 கிறிஸ்மஸ் ராத்திரிக்கு முந்தின சாயங்காலம் சர்ச்சுங்க மேலயும் போலீஸ் ஸ்டேஷன் மேலயும் அம்பு பறந்துச்சு, ஹாஃப்மன் இருந்த சர்வாடா மிஷன் மேலயும் வந்துச்சு. 1900 ஜூன் 9ல பிர்சா ராஞ்சி ஜெயில்லயே செத்துட்டாரு, இருபத்திநாலு வயசு. தன் மேல அம்பு வுட்ட பிறகும் ஹாஃப்மன் இன்னா பண்ணாருன்னா, முண்டா ஜனங்க நெலமுறை இன்னான்னு அரசாங்கத்துக்குப் புரியற மாதிரி லிஸ்டர்ன்ற ஒரு அதிகாரியோட சேர்ந்து அறிக்கை எழுதினாரு. 1908ல சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்துச்சு, கூண்ட்கட்டி உரிமை சட்டத்துல உறுதியா ஏறிச்சு, அந்தச் சட்டத்துல அவரு கை நெறைய இருக்கு. பிர்சா செத்ததுனால வந்த சட்டம்னு சொன்னாலும் சரி, ஹாஃப்மன் எழுதினதுனால வந்துச்சுன்னு சொன்னாலும் சரி, என்னைக் கேட்டா கலகம் இல்லாம அந்த அறிக்கையை எவனும் பிரிச்சே பாத்திருக்க மாட்டான்.

அந்தச் சட்டத்தோட 46வது பிரிவு பழங்குடி நெலத்தை வெளியாளு வாங்கறதைத் தடுக்குது. இன்னிக்கு வரைக்கும் ஜார்கண்ட் அரசியல் அதைச் சுத்தித்தான் ஓடுது. 2016ல அந்தச் சட்டத்தைத் திருத்தப் பாத்தாங்க, ஊரே ரோட்டுக்கு வந்துச்சு, சர்ச்சும் சேர்ந்துதான், 2017ல அப்போ கவர்னரா இருந்த திரௌபதி முர்மு மசோதாவைத் திருப்பி அனுப்பிட்டாங்க.

ஆனா சட்டம் மட்டும் போட்டா நெலம் தங்காதுன்னு ஹாஃப்மனுக்குத் தெரியும். நெலம் ஏன் போகுது? விதை நெல்லுக்கு, கல்யாணத்துக்கு, வைத்தியத்துக்குக் கடன். சேட்டு கிட்ட ஒரு மூட்டை நெல்லு வாங்கினா அறுவடைல ஒன்றரை மூட்டை, தரலன்னா அடுத்த வருஷம் வட்டிக்கு வட்டி, அப்புறம் வயலை எழுதிக் குடு. நம்ம வடசென்னைல இதுக்கு விளக்கமே வேணாம், மீட்டர் வட்டி, ஸ்பீடு வட்டி, ரன் வட்டின்னு வட்டிக்கு வச்ச பேரை வச்சே ஒரு பாட்டு எழுதலாம், காலைல தொள்ளாயிரம் குடுத்து சாயங்காலம் ஆயிரம் வாங்கறவன் மார்க்கெட் வாசல்லயே நிப்பான். அதுக்கு அவரு 1909ல சோட்டாநாக்பூர் கத்தோலிக்க கூட்டுறவுக் கடன் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு. மாடல் அவரு ஊர் மாடல், ஜெர்மனில ரைஃபைசன்னு ஒருத்தரு கிராமத்துக் கூட்டுறவு பேங்கு போட்டிருந்தாரு, அதேதான். ஊர் ஊருக்கு ஒரு யூனிட்டு, உறுப்பினரு கொஞ்சம் கொஞ்சமாப் பணம் போடணும், யாருக்குக் கடன் குடுக்கலாம்னு அந்த ஊர்க்காரங்களே முடிவு பண்ணணும், ஏன்னா எவன் குடிச்சுத் தீப்பான் எவன் மாடு வாங்குவான்னு அவங்களுக்குத்தான் தெரியும். பணத்தோட நெல்லு பேங்கும் வந்துச்சு, அறுவடைல எல்லாரும் களஞ்சியத்துல நெல்லு போடறது, பஞ்ச மாசத்துல சேட்டு வட்டிய விடக் குறைச்சலான வட்டிக்கு அங்கயே வாங்கறது. கணக்கு எழுதத் தெரிஞ்சாதானே பேங்கு நடத்த முடியும், ஸ்கூலோட வேலை அங்கதான் சூடு பிடிக்குது. தன் பேருல எவ்ளோ கடன் இருக்குன்னு படிக்கத் தெரியணும், அதுக்குப் பள்ளிக்கூடம்.

ஹாஃப்மனுக்கு நடந்ததையும் சொல்லிடறேன். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன்காரன்னு 1915ல புடிச்சு நாட்டை வுட்டே அனுப்பிட்டாங்க. ஊர்ல உக்காந்து முண்டா ஜனங்க வாழ்க்கை மொத்தத்தையும் பல வால்யூம்ல கலைக்களஞ்சியமா எழுதிட்டு 1928ல செத்தாரு.

பொம்பளைங்க பக்கம் இன்னும் சுவாரஸ்யம். 1897 ஜூலை 26, புனித அன்னம்மா திருநாள், ராஞ்சில பெர்னதெத் கிஸ்போட்டான்னு ஒரு பழங்குடிப் பொண்ணும் கூட மூணு பொண்ணுங்களும் எங்களுக்குக் கல்யாணம் வேணாம், நாங்க சிஸ்டரா போறோம்னு நின்னு அன்னம்மா புதல்வியர் சபை ஆரம்பிச்சாங்க. பழங்குடிப் பொண்ணுன்னா பொண்ணுக்கு விலை குடுத்துக் கட்டிட்டுப் போற வழக்கம் இருந்த காலம், வீட்ல எவ்ளோ சண்டை நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. வெள்ளைக்கார சிஸ்டருங்க போக முடியாத ஊருக்கு இவங்க நடந்தே போனாங்க, பாஷை தெரியும், சாப்பாடு ஒண்ணு. நம்ம பையனோட அக்கா ஒண்ணு நர்ஸு, ஒண்ணு டீச்சர், ரெண்டும் சிஸ்டருங்க ஹாஸ்டல்ல வளர்ந்தவங்கதான். 2003ல டெலஸ்போர் டோப்போ கார்டினல் ஆனாரு, ஆசியாவுலயே பழங்குடியில இருந்து முதல் கார்டினல், அவரும் உராவ்தான்.

நல்லது மட்டும் சொல்லிட்டுப் போனா அது திருவிழா மலர் ஆயிடும். இழந்ததும் இருக்கு. ஊர் நடுவுல அக்ரான்னு ஆடற களம், ராத்திரி முழுக்க ஆணும் பொண்ணும் கையைக் கோத்து ஆடுவாங்க, தும்குரியான்னு வயசுப் பசங்க தங்கற வீடு இருந்துச்சு, ரொம்ப நாளைக்கு மிஷன்காரங்க கண்ணுக்கு இதெல்லாம் பாவமாத்தான் தெரிஞ்சுச்சு, அரிசிக் கள்ளு ஹண்டியாவும் சேர்த்து. ஹாஸ்டல்ல ஹிந்தி, சர்ச்சுல ஹிந்தி, அப்புறம் குடுக் எங்க நிக்கும்? அதே மிஷன்காரர்தான் 1924ல கிரிக்னார்னு ஒருத்தரு குடுக் அகராதியும் போட்டாரு, ஒரு கைல அகராதி இன்னொரு கைல தடி. 1962ல இருந்து 65 வரைக்கும் நடந்த ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம்தான் மாதல் மேளமும் ஆட்டமும் பூசைக்குள்ள வந்துச்சு. நம்ம பையன் பெரம்பூர்ல பூசை முடிஞ்சு வெளில வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "பையா, இங்க யாருமே ஆடலையே"ன்னு.

இன்னொரு விரிசல் கிறிஸ்தவப் பழங்குடிக்கும், சர்னான்னு ஊர் மரத்தோப்பைக் கும்புடற பழைய வழிப் பழங்குடிக்கும் நடுவுல. மிஷன் ஸ்கூல்ல படிச்சவன் முதல்ல வேலைக்குப் போயிட்டான், படிக்காதவன் பாத்துட்டே நின்னான். இதைச் சரியாப் புரிஞ்சுக்க ஒரு சட்ட விஷயம் தெரியணும், நம்ம வியாசர்பாடி, புளியந்தோப்பு ஜனங்களுக்கு இது ரொம்ப சுடும். 1950 ஜனாதிபதி ஆணைப்படி எஸ்.சி.ன்னா ஹிந்து, அப்புறம் சேர்த்த சீக்கியர், பௌத்தர் மட்டும்தான், கிறிஸ்தவனா மாறினா எஸ்.சி. போச்சு, தமிழ்நாட்டுல பி.சி.ல தள்ளிடுவாங்க. தெருவுல எல்லாரும் பழைய ஜாதி பேரு சொல்லியே கூப்புடுவான், சர்டிபிகேட்ல மட்டும் நீ வேற. ஆனா எஸ்.டி.க்கு அப்படி மதத் தடையே இல்ல, உராவ் பையன் கிறிஸ்தவனா இருந்தாலும் எஸ்.டி.தான். நான் இதைச் சொன்னப்போ எங்க தெருவுல ஒரு அண்ணன், அதெப்படிடா, அதே மாதா அதே பூசை, அவனுக்கு மட்டும் எப்படின்னு கொதிச்சாரு. கொதிப்பு நியாயம். ஆனா அங்க அது நேர் எதிரா கொதிக்குது, மதம் மாறின பழங்குடியை லிஸ்ட்ல இருந்து எடுன்னு 1960கள் கடைசிலயே லோஹர்தகா எம்.பி. கார்த்திக் உராவ் கேட்டாரு, இப்போ டீலிஸ்டிங்னு பெரிய பெரிய கூட்டமே போடறாங்க. பழங்குடின்றது மதத்தை வச்சா, இல்ல பொறப்பு, பாஷை, நெலத்தை வச்சான்னு சண்டை.

மதமாற்றத் தடைச் சட்டமும் இங்க இருந்துதான் கிளம்புது. மத்தியப் பிரதேசத்துல மிஷன் வேலையை விசாரிச்ச நியோகி கமிட்டி 1956ல அறிக்கை குடுத்துச்சு, 1967ல ஒடிசா, 1968ல மத்தியப் பிரதேசம் சட்டம் போட்டுச்சு, 1977ல சுப்ரீம் கோர்ட்டு, மதத்தைப் பரப்பலாம், மாத்தறது உரிமை இல்லன்னு சொல்லிச்சு. நம்ம ஊர்லயும் 2002ல ஒண்ணு வந்து 2004ல வாபஸ் ஆச்சு, ஞாபகம் இருக்கும்.

லீவென்ஸ் காலத்துல ஜமீன்தாரு, இப்போ சுரங்கம். ஆளு மாறுனாலும் சண்டை அதேதான். ராணி மரியான்னு கேரளா சிஸ்டர், மத்தியப் பிரதேசம் உதயநகர் பக்கம் பழங்குடி ஜனங்களை வட்டிக்காரங்க கிட்ட இருந்து மீட்டு சேமிப்புக் குழு போட்டு வேலை பண்ணாங்க, 1995 பிப்ரவரி 25ல ஓடற பஸ்ல எல்லார் முன்னாடியும் குத்திக் கொன்னாங்க. கொன்னவனை ஜெயில்லயே போய்ப் பாத்து அவங்க சொந்தத் தங்கச்சி ராக்கி கட்டுச்சு. வால்சா ஜான், இவங்களும் கேரளா சிஸ்டர்தான், ஜார்கண்ட் பாக்கூர் ஜில்லால நிலக்கரிச் சுரங்கத்துக்கு நெலம் போன சந்தால் ஜனங்களோட நின்னவங்க, 2011 நவம்பர் 15 ராத்திரி வீட்டுக்குள்ள பூந்து வெட்டினாங்க. நவம்பர் 15ன்னா பிர்சா முண்டா பொறந்த நாளு, ஜார்கண்ட் பொறந்த நாளும் அதேதான். அப்புறம் நம்ம திருச்சி விரகாலூர்ல பொறந்த ஸ்டான் சாமி, ஜார்கண்ட்ல வேலை பாத்த சேசு சபை ஃபாதர். கோதுமை, பால் பவுடர் எதுவும் அவரு குடுக்கல, பழங்குடிப் பகுதிகளுக்குப் பாதுகாப்பு குடுக்கற அரசியல் சாசனத்தோட அஞ்சாவது அட்டவணை ஏன் நடைமுறைல இல்ல, 2006 வன உரிமைச் சட்டப்படி பட்டா எங்க, நக்சல்னு புடிச்சுப் போட்ட பழங்குடிப் பசங்க விசாரணையே இல்லாம எத்தனை வருஷம் ஜெயில்ல இருப்பாங்கன்னு கேட்டுக் கேஸு போட்டாரு. 2020 அக்டோபர் 8ல, மாவோயிஸ்டுங்களோட தொடர்புன்னு சொல்லி பீமா கோரேகாவ் கேஸ்ல கைது பண்ணாங்க, குத்தச்சாட்டை அவரு கடைசி வரைக்கும் மறுத்தாரு, பார்க்கின்சன் நோயால டம்ளர் புடிக்க முடியாம ஸ்ட்ரா கேட்டாரு, 2021 ஜூலை 5, ஜாமீன் கேஸ் நடக்கும்போதே மும்பைல செத்துட்டாரு, வயசு 84. நூத்திமுப்பது வருஷம் முன்னாடி லீவென்ஸ் கேட்டதும் பேப்பர்தான், இவரு கேட்டதும் பேப்பர்தான். எனக்கு இதுல ஆச்சரியமா இருக்கறது ஒண்ணுதான், ஸ்கூல் கட்டினா யாரும் கோச்சுக்க மாட்டேங்கறான், மாலை போடறான், பட்டா எங்கன்னு கேட்டா மட்டும் அந்நிய சதிங்கறான்.

பணத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் பணம் வாங்கற சட்டம் 2010ல இறுகி, 2020ல இன்னும் இறுகிச்சு. டெல்லில ஒரே ஒரு ஸ்டேட் பேங்கு கிளைலதான் பணம் முதல்ல வந்து இறங்கணும், வாங்கின அமைப்பு இன்னொரு அமைப்புக்குக் கை மாத்தக் கூடாது, ஆபீஸ் செலவு 50 சதவீதம்னு இருந்தது 20 ஆச்சு. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா காட்டுக்குள்ள வேலை பாக்கற சின்னச் சங்கத்துக்கு மேற்றிராணியார் (பிஷப்) ஆபீஸ் வழியா வந்துட்டு இருந்த பணம் அப்படியே நின்னு போச்சு, ஊர் ஊரா நடக்கற சிஸ்டருக்குக் கூட இருக்கற ஆளு சம்பளம், பஸ் காசு கூட ஆபீஸ் செலவுக் கணக்குல போயிடலாம்.

சரி, காடு மலைன்னு ஏன் அவ்ளோ தூரம் போகணும். நம்ம மீஞ்சூரைத் தாண்டி பழவேற்காடு ஏரி ஓரம் இருளர் ஜனங்க இருக்காங்க. தமிழ்நாட்டுல 2011 கணக்குப்படி பழங்குடி மொத்தம் 7.94 லட்சம், நூத்துல ஒருத்தரு, அதுல இருளர் கிட்டத்தட்ட 1.9 லட்சம். செங்குன்றம் பக்கம் அரிசி ஆலைலயும் திருவள்ளூர் ஜில்லா செங்கல் சூளைலயும் முன்பணம் வாங்கிக் கொத்தடிமையா கெடந்த குடும்பங்களை மீட்டாங்கன்னு பேப்பர்ல எத்தனை தடவை வந்திருக்கு, கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976ல. இங்க சர்ச்சு மட்டும் வேலை பாக்கல, சொல்லப் போனா திண்டிவனத்துல பிரபா கல்விமணி மாதிரி சர்ச்சுக்கு வெளில இருக்கறவங்க பண்ணது ரொம்பப் பெருசு.

எங்க பங்குல முன்னாடி இருந்த ஒரு சிஸ்டர் இப்போ அந்தப் பக்கம் இருளர் குடியிருப்புக்குப் போய் வராங்க. மழைக்காலம் முடிஞ்ச ஒரு சனிக்கிழமை நானும் போனேன், சும்மா பாக்கத்தான். பொம்பளைங்க ஏரில இடுப்பளவு தண்ணில குனிஞ்சு வெறுங்கையால சேத்துக்குள்ள தடவி இறால் புடிக்கறாங்க, புடிச்ச இறாலைப் போட பனையோலைப் பறி, கை ரெண்டும் வேலைல இருக்கறதால அந்தப் பறியைப் பல்லுல கவ்விக்கிட்டே நாலு மணி நேரம். சிஸ்டர் கிட்ட ஒரு ரெக்ஸின் பை, உள்ள வேதப் புத்தகம் இருக்கும்னு நெனச்சேன், தொறந்தா ஃபுல்லா ஃபைலு. ஆதார் ஜெராக்ஸு, ரேஷன் கார்டு, வீட்டு மனைப் பட்டா மனு, எல்லாத்துக்கும் மேல ஜாதிச் சான்றிதழ் மனு. எஸ்.டி. சர்டிபிகேட்னா தாசில்தார் தரமாட்டாரு, ஆர்.டி.ஓ. தரணும், அதுக்கு விசாரணை, உங்க அப்பன்கிட்ட சர்டிபிகேட் இருக்கா, தாத்தன்கிட்ட இருக்காம்பாங்க. அப்பன் பேரையே எழுதாத ஊர்ல தாத்தன் சர்டிபிகேட்டுக்கு எங்க போறது. பறியோட நின்ன ஒரு பொம்பளைகிட்ட, நீ இருளர்னா பாம்பு புடிச்சுக் காட்டுன்னு ஒரு ஆபீஸ்ல கேட்டானாம், அந்த பொம்பளை சிரிச்சுட்டே சொல்லுச்சு, நான் ராலு புடிக்கறவ சார், பாம்பு எங்கூட்டுக்காரரே புடிக்க மாட்டாருன்னு.

சிஸ்டர், இவங்க கோயிலுக்கு வராங்களான்னு கேட்டேன். அவங்க என்னைப் பாத்த பார்வைல எனக்கே வெக்கமாயிடுச்சு. "வர்றவங்க வருவாங்க, இங்க கன்னியம்மாதான் அவங்களுக்கு சாமி, மாசி மகத்துக்குக் கடற்கரைக்குப் போவாங்க, நானும் போவேன், பொங்கல் தருவாங்க. நீ அந்த ஆறாம் நம்பர் ஃபைலை எடு."

அன்னிக்கு ஒரு சர்டிபிகேட் வந்துச்சு, ரெண்டரை வருஷம் அலைஞ்சதுக்கு அப்புறம். அந்தப் பறிக்காரம்மாவோட பொண்ணுக்கு, பதினொண்ணாவது சேரப் போற பொண்ணு. பத்து ஜெராக்ஸு எடுத்து வச்சுக்கோம்மா, லேமினேஷன் போடாத, ஒரிஜினலை யாருக்கும் குடுக்காதன்னு சிஸ்டர் மூணு தடவை சொன்னாங்க. அந்தம்மா அதைப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு, மடிக்காம, மீஞ்சூர்ல ஜெராக்ஸ் எடுக்கக் கையோட கெளம்பிடுச்சு. ஷேர் ஆட்டோ வந்து நின்னுச்சு, ஒரு இடுப்புல சின்னப் புள்ள, ஒரு கைல கூடை, ஏறணும்னா கம்பியைப் புடிக்கணும், கை இல்ல. கவரைப் பல்லுல கவ்விக்கிட்டு ஏறிச்சு.